ஆறு டப்பா பிளானா, நாலு டப்பா போதுமா? ஒரு டயட் சாப்பாடு சர்வீஸ் ரிவ்யூ

ஜிம்முக்கு போறவங்களுக்கும் வெயிட் குறைக்கணும்னு இருக்கறவங்களுக்கும் அளந்து சமைச்சு டப்பால போட்டு வீட்டுக்கோ ஆபீசுக்கோ கொண்டுவந்து குடுக்குற சர்வீஸ் இப்போ சென்னைல ஏரியாவுக்கு ஏரியா வந்துடுச்சு, ஓஎம்ஆர் பக்கம் கேக்கவே வேணாம். நான் இங்க எழுதப்போறது பள்ளிக்கரணை பக்கம் ஒரு அக்கா நடத்துற சின்ன கிச்சன் பத்தி. பேரு போடல, ஏன்னா நல்லதும் சொல்லப்போறேன் குறையும் சொல்லப்போறேன், சின்னதா ஆரம்பிச்சு நடத்துறவங்க, குறை எல்லாத்தயும் அவங்ககிட்டயே நேரா சொல்லியாச்சு. ஆனா இந்த ரிவ்யூ அந்த ஒரு கிச்சனுக்கு மட்டும் இல்ல, இந்த மாதிரி எந்த சர்வீஸ் எடுத்தாலும் முதல்ல உங்க முன்னாடி நீட்டுறது ஆறு வேளை பிளான்தான், ஒரு நாளைக்கு ஆறு வாட்டி கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும், அப்போதான் கொழுப்பு கரையும் மசில் ஏறும்னு சொல்லி விக்கிறாங்க. அதுக்கு குடுக்குற காசு தகுமா, உடம்புக்கு அது நெஜமா தேவையானு பாக்கணும்ல. ரெண்டு பிளானும் எடுத்து சாப்பிட்டு பாத்ததால சொல்றேன்.

பிளான் எப்படினா, ஆறு டப்பா ஒரு நாளைக்கு 480 ரூபா, நாலு டப்பா 420 ரூபா, ஞாயிறு லீவு, அதனால மாசத்துக்கு 26 நாள் கணக்கு. மூணு டப்பா வெஜ் பிளானும் ஒண்ணு இருக்கு, அத என் தங்கச்சி எடுக்குறா, அத அப்புறம் சொல்றேன். ஆறு டப்பா, நாலு டப்பா ரெண்டுலயும் மொத்த கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான், 1800 பக்கம்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்காங்க. அதாவது மொத்த கலோரி அதே, பிரிக்கிறதும் உள்ள வைக்கிறதும்தான் வேற. கேட்டா ஆறு டப்பா பிளானுக்கு கூட வாங்குற காசு டப்பாவுக்கும் டெலிவரிக்கும் ஆளுக்கும்தான்னு அக்காவே ஒளிக்காம சொன்னாங்க. அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சுது.

முதல்ல டேஸ்ட். டயட் சாப்பாடுனா உப்பு சப்பு இல்லாத வெந்த சிக்கனும் ப்ரோக்கோலியும்னு நினைக்கிறவங்க இங்க சாப்பிட்டு பாக்கணும். சுண்டல் டப்பாவ திறந்தா கருப்பு கொண்டக்கடலை நல்லா பதமா வெந்து, தோல் உரியாம, மேல மாங்கா துருவலும் கொஞ்சூண்டு தேங்காயும், தாளிச்ச கடுகு கறிவேப்பில வாசம் டப்பா மூடில ஒட்டி இருக்கும். எண்ணெய் கம்மிதான், ஆனா பெருங்காயம் இஞ்சி எல்லாம் சரியா போட்டிருக்கதால கம்மினே தெரியாது. சிக்கன் வறுவல் மிளகு காரம் தூக்கலா இருக்கும், நெஞ்சுக்கறிதான் போடுறாங்க ஆனா தயிர்ல ஊற வச்சு பண்றதால நார் நாரா வறண்டு போகல. சாதம் வாரத்துல பாதி நாள் மாப்பிள்ளை சம்பா, மீதி நாள் சாதா பொன்னி, எது வந்தாலும் 100, 120 கிராமுக்கு மேல இருக்காது, கூட கீரை கடைசலோ முட்டைகோஸ் பொரியலோ நிறைய இருக்கும். ராகி தோசை மட்டும் ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடுது, வந்த உடனே சாப்பிட்டா ஓகே. பன்னீர் எனக்கு சுமார்தான், மசாலா ஒரே மாதிரி தினமும் வருது.

இப்போ விஷயத்துக்கு வரேன், ஆறு டப்பால என்ன இருக்குனு பாருங்க. காலைல எட்டு மணி டப்பால ஒரு ராகி தோசை, ரெண்டு அவிச்ச முட்டை. பத்தரைக்கு சுண்டல் ஒரு சின்ன கப். ஒரு மணிக்கு சாதம், பொரியல், 80 கிராம் போல வெந்த சிக்கன். நாலு மணிக்கு ஒரு கொய்யா, பத்து பாதாம். ஆறரைக்கு முளைகட்டின பாசிப்பயறு. எட்டரைக்கு ரெண்டு சப்பாத்தி, 60 கிராம் பன்னீர். ஸ்டிக்கர்ல ஒவ்வொரு டப்பாவுக்கும் நேரத்த பேனாவால எழுதி ஒட்டி இருப்பாங்க, பாக்க நல்லா ஒழுங்கா இருக்கும். ஆனா புரோட்டீன் கணக்கு போட்டா வேற கதை தெரியுது. முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், ரெண்டு முட்டையும் தோசையும் சேந்து 15. வெந்த கடலை 100 கிராம்ல 8, 9 கிராம்தான். சிக்கன் டப்பா 27 பக்கம். பாதாமும் கொய்யாவும் சேந்து 4, 5. பயறு 7. ராத்திரி 16. மொத்தம் 80 பக்கம்தான் வருது. அதுவும் பாதி டப்பால பத்து கிராம் கூட இல்ல.

70 கிலோ இருக்குற ஒருத்தர் வெயிட் தூக்கி மசில் ஏத்தணும்னா எவ்ளோ புரோட்டீன் வேணும்னு கேட்டா, 2018ல 49 ஆய்வுகள ஒண்ணா சேத்து 1,863 பேர வச்சு பாத்த ஒரு பெரிய அலசல் இருக்கு, அதுல கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் வரைக்கும் பலன் ஏறுது, அதுக்கு மேல போனா பெருசா வித்தியாசம் தெரியலனு வந்துச்சு. 70 கிலோவுக்கு 112 கிராம். ஜிம்முக்கே போகாத சாதா ஆளுக்கு ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றது கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 58 கிராம். அப்போ இந்த ஆறு டப்பா சாதா ஆளுக்கு போதும், மசில் ஏத்தணும்னு காசு கட்டினவனுக்கு பத்தாது. ஆறு வாட்டி சாப்பிட்டாலும் பத்தாது.

இதே கிச்சனோட நாலு டப்பால காலைல ரெண்டு சின்ன ராகி தோசை மூணு முட்டை, மதியம் 120 கிராம் சிக்கன் சாதம் பொரியல் சுண்டல் எல்லாம் ஒரே டப்பால, சாயந்தரம் சோயா வறுவலும் கெட்டி தயிரும், ராத்திரி சப்பாத்தியும் 100 கிராம் பன்னீரும். கூட்டினா 105, 110 வருது. பாதாம், பழத்துக்கு போன கலோரி இங்க முட்டைக்கும் சிக்கனுக்கும் சோயாவுக்கும் வந்துடுச்சு. சோயா உருண்டை காஞ்சது 100 கிராம்ல 50 கிராமுக்கு மேல புரோட்டீன், 25 கிராம் ஊற வச்சு வறுத்தாலே 13 கிராம் கிடைக்குது, விலையும் கம்மி, ஆனா இத ஏன் ஆறு டப்பா பிளான்ல வைக்கலனு கேட்டேன். "தம்பி, சின்ன டப்பானா எல்லாரும் பழம், நட்ஸ், பயறு இப்படித்தான் எதிர்பாக்குறாங்க, அதுல சோயா வச்சா ஸ்நாக்ஸ் எங்கக்கானு போன் பண்றாங்க"னாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, கேக்குறத குடுக்குறாங்க. ஆறு வேளைனு சொன்னாலே அதுல மூணு வேளை நொறுக்குத்தீனி மாதிரி ஆகிடுது, அதான் இந்த பிளானோட அடிப்படை பிரச்சனையே.

எங்க ஜிம் மாஸ்டர் நல்ல மனுஷன், ஸ்குவாட் சொல்லிக்குடுக்குறதுல அவர மாதிரி ஆள் கிடையாது, ஆனா சாப்பாடு விஷயத்துல அவர் சொல்றது பழைய கணக்கு. "தம்பி, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு வாட்டி உள்ள போயிட்டே இருக்கணும், இல்லனா உடம்பு மசில தின்னுடும்"பாரு. "மாஸ்டர், ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குறோமே"னு கேட்டா "அதுக்குத்தான்டா படுக்குறதுக்கு முன்னாடி பால் குடிக்க சொல்றேன்"பாரு. அவர் காலத்துல போட்டிக்கு போனவங்க எல்லாரும் அப்படித்தான் சாப்பிட்டாங்க, ஜெயிக்கவும் செஞ்சாங்க, அதனால அவருக்கு அதுல நம்பிக்கை. ஆனா அவங்க ஒரு நாளைக்கு 4000 கலோரி பக்கம் சாப்பிட வேண்டியவங்க, அத மூணு வேளைல உக்காந்து தின்ன முடியாது, வயிறு தாங்காது, அதுக்காக பிரிச்சு சாப்பிட்டாங்க. நம்ம 1800 கலோரிய ஆறா பிரிச்சா ஒரு டப்பாவுக்கு 300 தான், அது யாருக்கு காணும்?

அடிக்கடி சாப்பிட்டா மெட்டபாலிசம், அதாவது உடம்பு சக்திய எரிக்கிற வேகம், ஏறும்னு ஒரு பேச்சு எங்க போனாலும் இருக்கு, இந்த கிச்சன் நோட்டீஸ்லயும் போட்டிருந்தாங்க. சாப்பிட்டத செரிக்க உடம்பு கொஞ்சம் சக்தி செலவு பண்ணும், அது உண்மை, மொத்தமா பாத்தா சாப்பிட்டதுல பத்துல ஒரு பங்கு பக்கம். புரோட்டீனுக்கு அது கூட, 20லேந்து 30 சதவீதம், மாவுச்சத்துக்கு 5லேந்து 10, கொழுப்புக்கு ரொம்ப கம்மி. ஆனா கணக்க பாருங்க, 300 கலோரிய ஆறு வாட்டி சாப்பிட்டா ஒவ்வொரு வாட்டியும் 30, மொத்தம் 180. 600 கலோரிய மூணு வாட்டி சாப்பிட்டா 60, 60, 60, அதுவும் 180. எத்தன வாட்டினு பாத்து உடம்பு செலவு பண்றதில்ல, எவ்ளோ சாப்பிட்டோம் என்ன சாப்பிட்டோம்னுதான் பாக்குது. 1997லயே இத பத்தின ஆய்வுகள எல்லாம் திரட்டி பாத்து 24 மணி நேர செலவுல வித்தியாசம் இல்லனு எழுதிட்டாங்க. 2010ல கனடால 16 பேர ரெண்டா பிரிச்சு எட்டு வாரம் கலோரி குறைச்ச சாப்பாடு குடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு மூணு வேளை, இன்னொரு குரூப்புக்கு மூணு வேளை கூட மூணு ஸ்நாக்ஸ், மொத்த கலோரி சமம், கடைசில எடை குறைஞ்சதுல வித்தியாசமே இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா இது ஒண்ணு மட்டும் இல்ல, திரும்ப திரும்ப இப்படித்தான் வந்துருக்கு.

சரி, எடைல வித்தியாசம் இல்லனா பசிலயாவது இருக்குமானு பாத்தா, என் அனுபவத்துல ஆறு டப்பா பிளான்லதான் பசி அதிகம். சுண்டல சாப்பிட்டு முடிச்சா வயிறு அப்போதான் கேக்கவே ஆரம்பிக்குது, மணி பதினொண்ணுதான் ஆயிருக்கும், அடுத்த டப்பா ஒரு மணிக்கு, நடுவுல மனசு முழுக்க அந்த டப்பா மேலயே இருக்கும். வேலைல கவனம் போகாது. 2013ல அமெரிக்கால ஒல்லியா இருக்கறவங்கள மூணு வேளை ஆறு வேளைனு மாத்தி வச்சு பாத்தப்ப ஆறு வேளை சாப்பிட்ட நாள்லதான் பசியும் சாப்பிடணும்ங்கிற நினைப்பும் கூட இருந்துச்சு, கொழுப்பு எரியறதுல வித்தியாசம் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் இப்படியேதான்னு சொல்லல, எங்க டீம்ல ஒரு பொண்ணுக்கு நேர் எதிர், அவளுக்கு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டாதான் நல்லா இருக்கு, மதியம் நிறைய சாப்பிட்டா தூக்கம் வருதுங்கிறா. அவ ஆறு டப்பாவே எடுக்குறா, சந்தோஷமா இருக்கா. உடம்புக்கு தகுந்த மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம ஊர்ல ஏற்கனவே எத்தன வாட்டி சாப்பிடுறோம்? எந்திரிச்சதும் காபி, டிபன், பதினொரு மணிக்கு டீ, கூட ஒரு வடையோ பிஸ்கட்டோ, மதியம் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி டீ, பஜ்ஜி, ராத்திரி டிபன். எண்ணி பாத்தா ஆறு வாட்டி ஏற்கனவே ஆச்சு. ஆறு டப்பா பிளான் எடுத்த பாதி பேரு இந்த டீ வடைய விடல, டப்பாவ அதுக்கு மேல சேத்துக்கிட்டாங்க. எங்க ஆபீஸ்ல கண் முன்னாடி பாத்தது, பத்தரை மணி சுண்டல் சாப்பிட்டு கை கழுவிட்டு நேரா கீழ டீக்கடை. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைனா அதுவே 40 கலோரி பக்கம், பால் தனி, வடை எண்ணெய் தனி. அப்புறம் சர்வீஸ் சரியில்ல வெயிட் குறையலனு ஸ்டார் கம்மியா போடுறாங்க. அந்த அக்கா மேல பாவமா இருக்கும். நாலு டப்பா பிளான் எடுத்தா மதியம் டப்பால நல்லா வயிறு நிறையுது, அந்த நாலு மணி பஜ்ஜி பக்கம் கால் போகுறது தானா கொறஞ்சு போச்சு. டீ நான் விடல, சர்க்கரை பாதியாக்கிட்டேன், அவ்ளோதான். பல்லுக்கும் இதான் நல்லது, ஒவ்வொரு வாட்டி மாவோ இனிப்போ உள்ள போகும்போதும் வாயில ஆசிட் உருவாகி பல் எனாமல் மேல வேலை பாக்குது, வாயிக்கு ஓய்வு குடுக்கணும்.

மசில் பக்கம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, அங்க எத்தன வேளைங்கிறதுக்கு ஒரு அளவுக்கு அர்த்தம் இருக்கு. 2013ல ஆஸ்திரேலியா பக்கம் வெயிட் பயிற்சி பண்ற 24 பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பயிற்சி முடிஞ்சு 12 மணி நேரத்துக்குள்ள எல்லாருக்கும் அதே 80 கிராம் வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்குற புரோட்டீன்), ஒரு குரூப்புக்கு பத்து பத்து கிராமா எட்டு வாட்டி, ஒரு குரூப்புக்கு 20 கிராமா நாலு வாட்டி, ஒரு குரூப்புக்கு 40 கிராமா ரெண்டு வாட்டி. மசில் புரோட்டீன் உருவாகுறது நடு குரூப்புக்குத்தான் நல்லா இருந்துச்சு, மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி 20 கிராம். பத்து பத்து கிராமா எட்டு வாட்டி குடுத்தது அவ்ளோ வேலை செய்யல. இத படிச்சப்ப எனக்கு அந்த பாதாம் டப்பாவும் பயறு டப்பாவும்தான் ஞாபகம் வந்துச்சு, 4 கிராம் 7 கிராம்னு துளித்துளியா குடுத்தா மசிலுக்கு அது வந்ததாவே கணக்குல ஏறாது. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் நாலு வேளைனு வச்சா நாள் கணக்கு 1.6 தானா வந்துடுது, 70 கிலோ ஆளுக்கு வேளைக்கு 28 கிராம். நாலு டப்பா பிளான் அதுக்கு கிட்டத்துல வருது, சாயந்தர டப்பா மட்டும் கொஞ்சம் கம்மி, அன்னிக்கு நான் ஒரு முட்டை கூட சேத்துக்குவேன்.

அதுக்காக நாலு வேளை தவறினா எல்லாம் வீண்னும் நினைக்க வேணாம். ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல உடம்பு ஏத்துக்காது, மீதி வேஸ்ட்னு ஜிம்ல பசங்க அடிச்சு சொல்லுவாங்க. 2023 டிசம்பர்ல நெதர்லாந்துல இருந்து வந்த ஆய்வுல பயிற்சிக்கு அப்புறம் ஒரே வாட்டில 100 கிராம் பால் புரோட்டீன் குடுத்து பாத்தாங்க, 25 கிராம் குடுத்தவங்கள விட இவங்களுக்கு மசில் உருவாகுறது கூடவும் இருந்துச்சு, ரொம்ப நேரமும் நீடிச்சுது, 12 மணி நேரத்துக்கு மேலயும் போச்சு. உடம்பு மெதுவா எடுத்து உபயோகப்படுத்திக்குது. என் ரூம்மேட்டா இருந்த நண்பன் ரமலான் மாசத்துல நோன்பு வைப்பான், அப்போ இந்த கிச்சன்ல அவனுக்கு நாலு டப்பா சாப்பாட்ட ரெண்டு பெரிய டப்பாவா போட்டு சாயந்தரமே கொண்டுவந்துடுவாங்க, ஒண்ணு நோன்பு திறந்ததும், இன்னொண்ணு ஃப்ரிட்ஜ்ல வச்சு சஹருக்கு, அதாவது விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சாப்பாட்டுக்கு. மாஸ்டர் மசில் போயிடும்டானு பயமுறுத்தினாரு, அவன் மாசம் முழுக்க பயிற்சிய விடாம பண்ணான், தூக்குற வெயிட்டு கொறையவே இல்ல. கேட்டதுக்காக டப்பாவ மாத்தி குடுத்தாங்க பாருங்க, அதுக்கு இந்த கிச்சனுக்கு தனி மதிப்பு.

இனி தங்கச்சி கதை. அவளுக்கு மசில் எல்லாம் வேணாம், குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஏறின எடைய இறக்கணும், சைவம், மூணு டப்பா வெஜ் பிளான் எடுத்தா. முதல்ல பயந்தா, நடுவுல ஒண்ணுமே சாப்பிடாம எப்படிண்ணானு. ஆனா காலை டப்பால பெசரட்டும் பன்னீர் பொடிமாசும், மதியம் சாதம் கம்மியா கெட்டி சாம்பார், சோயா குழம்பு, கீரை, ஒரு கப் தயிர், ராத்திரி சுண்டலும் காயும் நிறைய போட்ட கோதுமை உப்புமா. புரோட்டீன் எப்படியும் 65, 70 வருது. ஒரு இட்லில புரோட்டீன் ரெண்டு கிராம்தான், நாலு இட்லி சட்னியோட சாப்பிட்டு பத்து மணிக்கே பசிக்குதுன்னு சொன்னவளுக்கு இப்போ ஒரு மணி வரைக்கும் தாங்குது. "அண்ணா, குழந்தைக்கு ஊட்டும்போது மிச்சத்த வாயில போட்டுக்குறத நிறுத்தினதே பெரிய மாத்தம்"கிறா. அவ சொல்றதுல பாயிண்ட் இருக்கு, மூணு வேளைனு கோடு போட்டுக்கிட்டதால அந்த நடு வாய் எல்லாம் கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சுது. எடை மெதுவாத்தான் இறங்குது, அதான் சரியும் கூட.

கலோரிய ரொம்ப குறைச்சு டயட் பண்றவங்க மட்டும் வேளைய ரொம்பவும் குறைச்சுடாதீங்க. ஜப்பான்ல குத்துச்சண்டை வீரர்களுக்கு 1200 கலோரி மட்டும் ரெண்டு வாரம் குடுத்து பாத்தப்ப ரெண்டு வேளை, ஆறு வேளை ரெண்டு குரூப்புக்கும் எடை ஒரே மாதிரி குறைஞ்சாலும் ரெண்டு வேளை குரூப்புக்கு மசில் பக்கம் இழப்பு கூட இருந்துச்சு. அவ்ளோ கடுமையா பட்டினி கிடக்குற டயட்டே நமக்கு வேணாம்னுதான் நான் சொல்லுவேன், ஆனா பண்றவங்க புரோட்டீன மூணு நாலா பிரிச்சு வச்சுக்கிறது பாதுகாப்பு. சுகர் இருக்குறவங்க, அதுலயும் இன்சுலின் போடுறவங்க, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்க, யார் ரிவ்யூவையும் படிச்சு வேளைய மாத்தாதீங்க, சாப்பாடு தள்ளிப்போனா சுகர் சட்டுனு கீழ இறங்கிடும். எங்க அப்பாவுக்கு இதே கிச்சன்ல சாப்பாடு வாங்கலாம்னு யோசிச்சப்ப டாக்டர்கிட்ட மெனுவ காட்டி மாத்திரை நேரத்தோட பொருத்தி கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணோம்.

யாருக்கு ஆறு டப்பா நல்லது? எவ்ளோ சாப்பிட்டாலும் ஏறாத ஒல்லி பசங்க, ஒரு நாளைக்கு 3000 கலோரி தாண்டணும், ஒரே வாட்டில நிறைய சாப்பிட முடியாது, அவங்களுக்கு ஆறு வேளை தேவைதான். ஆனா அவங்களுக்கு இந்த 1800 கலோரி ஆறு டப்பா இல்ல, டப்பாவுக்கு 500 இருக்கணும், அந்த மாதிரி பிளான் இந்த கிச்சன்ல இப்போதைக்கு இல்ல. கேட்டா தனியா போட்டு தராங்க, விலையும் தனி. காலைல ரெண்டு மணி நேரம் மாலைல ரெண்டு மணி நேரம்னு பயிற்சி பண்ற விளையாட்டு பசங்களுக்கும் பிரிச்சு சாப்பிடுறது வசதி. நெஞ்செரிச்சல் இருக்குறவங்களுக்கும் ஒரேயடியா நிறைய சாப்பிடாம இருக்குறது ஒத்துக்கும்.

குறைனு பாத்தா பெருசா ஒண்ணு. ஆறு டப்பால முதல் மூணு டப்பாவும் காலைல ஏழு மணிக்கே ஒண்ணா வந்துடும். அதாவது ஒரு மணிக்கு சாப்பிட வேண்டிய சாதமும் சிக்கனும் ஆறு மணி நேரம் பைக்குள்ள. சமைச்ச சாப்பாட்ட சூடா வச்சா 60 டிகிரிக்கு மேல இருக்கணும், குளிரா வச்சா 5 டிகிரிக்கு கீழ இருக்கணும், நடுவுல வச்சா கிருமி பெருகும், சென்னை வெயில்ல சொல்லவே வேணாம். சாதத்துல வளர்ற ஒரு வகை கிருமி விடுற நஞ்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது, வாந்தி எடுக்க வச்சுடும். ஒரு வாட்டி சிக்கன் டப்பா திறந்தப்ப வாசம் சரியில்ல, போட்டோ எடுத்து அனுப்பினேன், உடனே மன்னிப்பு கேட்டு அன்னிக்கு காச திருப்பி போட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஆபீஸ் வந்ததும் நேரா பேன்ட்ரி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுவேன். ஆனா எல்லா ஆபீஸ்லயும் ஃப்ரிட்ஜ் இடம் இருக்காது, மைக்ரோவேவ் முன்னாடி ஒரு மணிக்கு பத்து பேரு நிக்கிறாங்க. நாலு டப்பால மதிய டப்பா தனியா பன்னெண்டரைக்கு சூடா வருது, ஆபீஸ் செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு போன் பண்ணுவாங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே நாலு டப்பா பிளான சொல்லலாம்.

டப்பா கருப்பு பிளாஸ்டிக், மைக்ரோவேவ்ல வைக்கலாம்னு அடில குறி இருக்கு, இருந்தாலும் நான் பீங்கான் தட்டுக்கு மாத்திட்டுத்தான் சூடு பண்ணுவேன். ஆறு டப்பானா ஒரு நாளைக்கு ஆறு பிளாஸ்டிக் குப்பை, கழுவி திருப்பி குடுத்தா வாங்கிக்க மாட்டேங்கிறாங்க, எவர்சில்வர் டிபன் கேரியர்ல தர்ற பிளான் கொண்டுவாங்கக்கானு கேட்டிருக்கேன், யோசிக்கிறேன்னு சொல்லி இருக்காங்க. ஸ்டிக்கர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் 14 இலக்கமும் போட்டிருக்காங்க, சமைச்ச நேரமும் போட்டா இன்னும் நல்லா இருக்கும். எந்த சர்வீஸ் எடுத்தாலும் இந்த ரெண்டையும் கேளுங்க. அப்புறம் கலோரி மட்டும் பெருசா போட்டு புரோட்டீன் எத்தன கிராம்னு போடாத இடத்துல டப்பா வாரியா கேட்டு வாங்குங்க. மொத்தமா 100 கிராம்னு சொல்லிட்டு போயிடுவாங்க, பிரிச்சு கேட்டாதான் பாதாம் டப்பா வெளிய வரும்.

ரேட்டிங் போடணும்னா இந்த கிச்சனோட ஆறு டப்பா பிளானுக்கு அஞ்சுக்கு ரெண்டரை, நாலு டப்பாவுக்கு நாலு, மூணு டப்பா வெஜ்ஜுக்கு நாலரை. மாசத்துக்கு ஆறு டப்பா 12,480, நாலு டப்பா 10,920, அந்த 1,560 ரூபா மிச்சத்துல நான் முட்டை ட்ரேவா வாங்கி வீட்ல வச்சுடுறேன், ஞாயித்துக்கிழமை சமையலுக்கும் அதான் ஓடுது. புதுசா எடுக்குறவங்க முதல்லயே மாசத்துக்கு கட்டாதீங்க, ஒரு வாரம் டிரையல் தராங்க. மெனு மாத்தணும்னா முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல சொல்லணும், அதுக்கு மேல சொன்னா அக்கா எடுத்துக்க மாட்டாங்க. காரம் கம்மியா வேணும்னா அதயும் அப்பவே சொல்லிடுங்க, மிளகு வறுவல் உண்மையிலேயே காரம்.